கதவு மூடியது தெரியாத டிரையர்

ஆயுத பூஜை லீவு முடிந்து முதல் நாள். டிரையர் ஓடவில்லை.

என் லாண்டரி மத்திகிரியில் இருக்கிறது — வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பக்கத்து ஹாஸ்டல் பெண்களின் கம்பெனி யூனிஃபார்ம்தான் எனக்கு வேலை. அன்று பத்தொன்பது செட். துவைத்து ஈரமாகக் கிடக்கிறது. வெளியே தூறல். ஒன்றரைக்கு ஷிஃப்ட் பஸ். யூனிஃபார்ம் இல்லாமல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஸ்டார்ட்டை அமுக்கினேன். லைட் எரிகிறது... உருளை அசையவில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். தட்டினேன். திட்டினேன். கேட்குமா?

மெக்கானிக் சாயங்காலம்தான் வருவாராம்.

சல்மா வந்தாள். பாகலூர்க்காரி. ஹாஸ்டலில் தங்கி, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவள். அவள் சட்டையும் அந்த ஈரக் குவியலில்தான்.

"என்னக்கா, மிஷின்கிட்ட சண்டையா?"

"செத்துப் போச்சுடி."

"இருக்கா. நீயே சாவடிக்காத."

கதவில் காதை வைத்தாள். திறந்தாள், மூடினாள். மறுபடியும்.

"டிக்னு சத்தம் வரணும். வரல. கதவு தொறந்தே இருக்குதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்குது. யாராச்சும் கைய உள்ள விட்டிருப்பாங்கன்னு ஓடாம நிக்குது."

துணியைச் சுழற்றுகிற டப்பா என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு கைக்காகப் பயந்து நிற்குமா மிஷின்?

கதவின் கொக்கி ஓர் ஓட்டைக்குள் போய் சுவிட்சை அமுக்க வேண்டும். ஓட்டை முழுக்கக் காய்ந்த சந்தனம். மேலே குங்குமம்.

"யாருக்கா இங்க பொட்டு வெச்சது?"

"நான்தான். நெத்தி மாதிரி இருந்துச்சு..."

"அது வாய்க்கா!"

மணி பதினொன்று. சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. "குச்சியச் சொருகி சுவிட்ச அமுக்கி வெச்சிடலாமா? கதவு மூடினா என்ன, தொறந்தா என்ன?" என்றேன்.

"பேடக்கா! பேட!" — வேண்டாம் என்கிறாள்; பதறினால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

வலது கையை நீட்டினாள். இரண்டு விரல் பாதிதான்.

"எங்க பிரஸ்லயும் ஒருத்தர் இப்படித்தான் சுவிட்ச அமுக்கிக் கட்டி வெச்சாரு. வேல சீக்கிரம் ஆவும்னு."



பிளக்கைப் பிடுங்கினாள். ஈரத்துணி வைத்து ஊறவிட்டாள். ஊக்கால் சுரண்டினாள். அந்தக் கையாலேயே. அரை மணி நேரம்.

கதவை மூடினாள். டிக்.

பிளக்கைச் சொருகி ஸ்டார்ட்டை அமுக்கினேன். உருளை சுற்றியது.

பஸ் ஹாரன் அடித்தபோது கடைசிச் சட்டையில் சூடு ஆறவில்லை. அது சல்மாவுடையது. அப்படியே மாட்டிக்கொண்டு ஓடினாள்.

இப்போதெல்லாம் அந்த டிக் கேட்ட பிறகுதான் ஸ்டார்ட்டை அமுக்குகிறேன். கை வெளியில்தானே இருக்கிறது என்று மிஷின் கேட்கிறது... பதில் சொல்லாமல் எப்படி?