அவளுடைய மலையில் ஒரு பிழை

அவள் கம்பியூட்டரில் செய்த மலையை முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. மூன்று வாரமாக நானும் ஒரு மலை செய்துகொண்டிருந்தேன். இரண்டு பேருடைய திரைகளும் பக்கத்துப் பக்கத்தில்தான். அவளுடையதில் மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. என்னுடையதில் மழை என்று ஒன்று பெய்ததே இல்லை.

பதுளை பஜாரில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் இருவரும் வேலை செய்தோம். மரண அறிவித்தல், கல்யாண பேனர், டியூஷன் போஸ்டர் என்றுதான் பொழுது போகும். பண்டாரவளையில் புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டல்காரர்கள், வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு தேயிலை மலை வேண்டும் என்று வந்தார்கள். வெளிச்சத்தையும் மேகத்தையும் பிறகு இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று த்ரீடியில் கேட்டார்கள். முதலாளி எங்கள் இருவரையும் ஆளுக்கொரு படம் செய்யச் சொன்னார். யாருடையது தேறுகிறதோ அவளுக்கு இனிமேல் த்ரீடி வேலை மட்டும்தான். மற்றவள் பேனரோடு கிடக்க வேண்டியது. செத்துப்போனவர்களின் போட்டோவுக்கு மாலை ஒட்டி ஒட்டி எனக்கு அலுத்திருந்தது. எப்படியாவது அதிலிருந்து தப்பிவிட வேண்டும் என்று இருந்தேன்.

தப்பிவிடுவேன் என்றுதான் நம்பினேன். நான் நமுனுகுல பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். தேயிலை நிற்கிற இடத்தையே நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அவளோ பஜாரில் துணிக்கடைக்காரர் மகள். காலில் ஒரு அட்டை ஏறினால் ஊரையே கூட்டிவிடுவாள்.

வானத்திலிருந்து செய்மதி அளந்த உயரங்களை இணையத்திலிருந்து இறக்கி மென்பொருளில் போட்டதும் வெறும் மலை எழும்பிவிட்டது. பிறகு ஒரே ஒரு தேயிலைச் செடியைச் செய்து, அதையே ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்துச் சரிவெல்லாம் தூவினேன். கொழுந்து எடுத்து எடுத்துச் செடியின் மேல்பக்கம் மேசை மாதிரி மட்டமாக இருக்குமே, அதை ஒரு விரற்கடை பிசகாமல் கொண்டுவந்தேன். சின்ன வயதில் அம்மா கொழுந்து எடுத்த மேல்மலை அப்படியே மனசில் இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "காலண்டர் மாதிரி வடிவா இரிக்கி மகள்" என்றார். காலண்டர் என்ற அந்தச் சொல் அன்று முழுக்க என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவளுடைய படத்தில் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இல்லை. நடைபாதையில் செம்மண் வழுக்கிக் கிடந்தது. பாதையோரக் கானில் தண்ணீர் தேங்கி, அதில் வானத்தின் ஒரு துண்டு தெரிந்தது. இவள் எங்கள் தோட்டத்துக்கு வந்ததே ஒரே ஒரு தடவை, போன வருஷக் கோயில் திருவிழாவுக்கு. நான் அம்மாவுக்குச் சமையலில் ஒத்தாசையாக நின்ற நேரம், என் தங்கச்சியோடு எங்கேயோ சுற்றிவிட்டு, முகம் சிவந்து திரும்பி வந்தாள். அவளுக்கும் மலைக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அந்த ஒரு நாளில் இவளுக்கு இதெல்லாம் எப்படி வந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஹோட்டல்காரர்கள் வருவதற்கு முதல் நாள் அவளே என்னைக் கூப்பிட்டாள். "ஏதும் பிழை இரிக்கா பாரேன். ஒனக்குத்தானே மலை தெரியும்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குள் ஒரு குதூகலம். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. கிளைக்குக் கிளை பூ! வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிற மலை இப்படிப் பூத்துக் கிடக்காது. தோட்டத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். துணிக்கடைக்காரர் மகள் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

மறுநாள் ஹோட்டலிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு ஆளும் வந்தார்கள். என் படத்துக்கு முன்னால் அவர்கள் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அவளுடையதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

"அதுல பிழை இருக்குங்க. கொழுந்து எடுக்கிற தேயிலை இப்படிப் பூக்காது. தோட்டத்து ஆளுங்க பார்த்தா சிரிப்பாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நேத்துக் கேட்டேனே. ஏன் சொல்லல்ல?"

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனை எடுத்து ஒரு போட்டோவைத் தேடி நீட்டினாள். அதில் என் தங்கச்சி நின்றாள். தோள் வரைக்கும் தேயிலை, சுற்றிலும் வெள்ளைப் பூ.

"இது ஒங்கட லயத்துக்கு மேல உள்ள மலைதான். தங்கச்சி கூட்டிட்டுப் போய்க் காட்டினா. ஆள் இல்லன்னு மூணு வருஷமா அப்படியே விட்டிட்டாங்களாம். நான் கண்டத்தத்தான் செஞ்சேன்."

மாதம் ஒரு தடவை நான் வீட்டுக்குப் போகிறேன். பின்னேர பஸ்ஸில் போய் இறங்கி, சாப்பிட்டு, போனைப் பார்த்துப் படுத்து, காலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். லயத்துக்குப் பின்னால் பத்து நிமிஷம் ஏறினால் மேல்மலை. நான் ஏறி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. என் படத்தில் அது இன்னும் மேசை மாதிரி மட்டமாகத்தான் இருந்தது.

பூ இருந்தால் இருக்கட்டும், அதுதான் அழகு என்று சொல்லி அவளுடைய படத்தையே எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு மரண அறிவித்தலைத் திறந்து, மாலையைச் சரிசெய்யத் தொடங்கினேன். கண்ணில் எழுத்து தெரியவில்லை.

கடை பூட்டியதும் தங்கச்சிக்குப் போன் பண்ணிப் பாய்ந்தேன். "மேல்மலைய விட்டுட்டாங்கன்னு என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேக்கா. அந்த அக்காதான் வழியெல்லாம் ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே வந்தாங்க. அம்மா இப்ப எந்த மலையில கொழுந்து எடுக்குறாங்கன்னுகூடக் கேட்டாங்க."

எந்த மலையில் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். படம் தேறாமல் போனதைவிட இதுதான் அதிகம் எரிந்தது. தங்கச்சியிடம் கேட்க நாக்கு எழவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போய், என் அம்மா எங்கே கொழுந்து எடுக்கிறாள் என்று அவளிடம் கேட்டேன்.