மொட்டையடித்த ஆப்பிள் மரம்

உத்திரமேரூர் வெயிலில் ஆப்பிள் மரம் வளர்க்கிறவள் என் மனைவி. அவளுடைய பொறுமைக்கு நானே சாட்சி. என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறாளே!

நர்சரி வண்டியில் வாங்கிய கன்று, மூன்று வருஷமாகியும் பூக்கவில்லை. "கொய்யா வெச்சிருந்தா இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்மா" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அதனால் அந்த மரம் அவளுக்கு மானப் பிரச்சினை.

இந்த வருஷம் மாவுப்பூச்சி வேறு வந்தது. காம்பெல்லாம் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளை. அவள் தன் தங்கச்சி பிரசவத்துக்காக மாகறல் கிளம்பும்போது, பழைய டூத் பிரஷ்ஷையும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரையும் என்னிடம் கொடுத்தாள்.

"தெனம் காலீல ஒவ்வொரு காம்பா தேச்சி வுடு. வேற எதுவும் பண்ணாத. மரத்துக்கு எதுனா ஆச்சி, அப்பறம் கீது உனுக்கு."

நாலு காம்பு தேய்த்தேன். என் பல்லைக்கூட அவ்வளவு அக்கறையாகத் தேய்த்ததில்லை. சலித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன்.

"பச்சமொளகா, பூண்டு, இஞ்சி அரைச்சி வடிகட்டு. ஒரு கொடம் தண்ணிக்கு ஒரு டம்ளர் ஊத்தி, சாய்ங்காலமா அடி. என் கத்திரிக்கு அதான்."

ஒரு குடத்துக்கு ஒரு டம்ளரா? அது பூச்சிக்கு ரசம். நான் குழம்பாகவே வைத்தேன். தண்ணீரே கலக்காமல், உச்சி வெயிலில் அடித்தேன். காற்று திரும்பி, பாதி என் கண்ணுக்கு வந்தது. மாட்டுத் தொட்டியில் தலையை விட்டேன். மாடு ஒதுங்கி இடம் கொடுத்தது.

மறுநாள் இலையெல்லாம் பொரித்த வடகம். மனைவி வருகிற நாள் வந்துவிட்டது. கருகின இலையைப் பார்த்தால்தானே திட்டுவாள்? ஒன்றுவிடாமல் உருவிப் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, மரத்துக்குத் திருத்தணியில மொட்டையா?"

அவள் வந்ததும் நான் முந்திக்கொண்டேன். "காஷ்மீர்ல இப்டிதாமே. எல கொட்ற சீசனு."

"காஞ்சிபுரம் போனாலே வயி கேட்டுக்கினு நிப்ப. காஷ்மீரு எப்பயா போன?"

நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தது. அதனால் நான் பிழைத்தேன். ஆனால் அன்று எனக்கு வெறும் சோறுதான். காலி மிளகாய்க் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். "மொளகா பூரா மரத்துக்குப் பூட்ச்சே, கொயம்புக்கு எங்க போறது?"

நாலாவது வாரம் மொட்டுவிட்டு, வெள்ளையும் ரோஸுமாகப் பூத்தது. அவள் நர்சரிக்காரருக்குப் போன் போட்டாள். "வெயில் ஊர்ல எலைய உருவி வுட்டாதாம்மா பூக்கும். யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் அவர்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவள் ஒரு கிளையை வளைத்துக் காட்டினாள். பூக்காம்பில் மறுபடி வெள்ளைப் பஞ்சு.

பிரஷ்ஷை நீட்டினாள். "பூவு கீது. பாத்துத் தேய்."

உட்கார்ந்து தேய்த்தேன். மதில் மேல் ஒரு தலை எழும்பியது.

"பேஸ்ட்டு வோணுமாபா?"