எலும்பு சூப்பும் என் இரத்தமும்

கோயில் மண்டபத்தில் நடந்த இரத்த தான முகாமில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்திப் பார்த்த தாதி, "உங்களுக்கே பத்தாதுக்கா, இதுல எங்க கொடுக்கறது" என்றாள். எங்கள் மலையூரான தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். தேயிலை ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவள் நான். கால் ஏன் தளர்கிறது என்று தெரிந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கணவர்தான் அதைக் குடும்பத்துக்கே வந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

அவர் காய்கறி லாரி ஓட்டுகிறார்.

"இரத்தம் எங்க ஊறுது? எலும்புக்குள்ள. அப்ப எலும்பத்தான் சாப்பிடணும் லா."

கீழே ஈப்போ டவுனில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஆட்டுக்கால் எலும்போடு வந்தார். தானே சூப் வைத்து, மேலே நெய்யும் ஊற்றினார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை உறிஞ்ச ஸ்ட்ரா வேறு. பக்கத்து வீட்டு அக்கா வாசனை பிடித்து வந்து, "யாருக்குப் பிரசவம்?" என்று கேட்டார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

அந்தக் கொழுப்பு எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை அவர் எடுத்துக்கொள்வார். "உனக்குத் துணைக்குத்தான் சாப்பிடறேன்" என்பார். அந்த மலைக் குளிரிலும் நெற்றியில் வேர்வை வழியும்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் இரத்தம் ஏறியிருந்தது. கூட வந்த அவருக்கும் சோதித்தார்கள். கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம்.

"சூப்புலதான் டாக்டர் இவளுக்கு ஏறிச்சு" என்றார் பெருமையாக.

டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். "அவங்களுக்கு மாத்திரை வேலை செஞ்சிருக்கு அங்கிள். கால் எலும்புக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் கொழுப்புதான். இரத்தம் ஊறுற சிவப்பு மஜ்ஜை வேற. கொழுப்பு ரொம்பச் சாப்பிட்டா நம்ம மஜ்ஜையிலயும் கொழுப்பு எடம் பிடிக்கும், இரத்த அணு உண்டாகிற விதமே மாறலாம்னு சொல்றாங்க. எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. மனுசங்களுக்கு எப்படின்னு இன்னும் முழுசா தெரியல."

அவர் நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தச் சிவப்பு மஜ்ஜை எந்த எலும்புல இருக்கும் டாக்டர்?"

"இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு."

"ஆட்டுக்குமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வீடு திரும்பும்போது காரில் அவர் வாயே திறக்கவில்லை. மனசு விட்டுப்போயிற்றோ என்று எனக்குக் கஷ்டமாகிவிட்டது. எனக்காகத்தானே அடுப்படியில் அத்தனை நேரம் நின்றார். கையை மெல்லத் தொட்டேன்.

"ஏங்க, வருத்தமா?"

"இல்ல. எலிக்கு யாரு லா நெய் வாங்கிக் கொடுக்கறாங்க?"

இப்போது வீட்டில் சாவி என்று இங்கே சொல்லும் கடுகுக் கீரையும் மீனும் அவித்துத்தான். இருவருமே மாத்திரை போடுகிறோம். மாலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே என்னோடு நடக்க வருகிறார். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மட்டும், தான் நிற்பது எனக்காகத்தான் என்கிறார்.