அட்டைக் கல்

அட்டை கடித்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவும்போது பச்சை ரத்தமும் காரமும் கலந்து எழுகிற நாற்றம், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் அம்மா கொழுந்து பறித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் மலைக்குத் "தேத்தண்ணி" கொண்டுபோவேன். அங்கே ரோட்டோரம், குடைபோல நீண்ட பாறைக்கு அடியில், முழங்கால் உயரக் கல்லொன்று கிடந்தது. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வரும் பெண்கள் அதில் உட்கார்ந்து, கால் விரலிடுக்குகளில் ஊதிக் கிடக்கும் அட்டைகளுக்குச் சுண்ணாம்பு வைத்து உதிர்த்து, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பையும் ரத்தத்தையும் வெற்றிலைச் சாற்றையும் அந்தக் கல்லிலேயே இழுத்துத் துடைப்பார்கள். "அட்டக்கல்லு" என்றே அதற்குப் பெயர். நாள் முழுக்க நின்ற கால்களுக்கு அந்த மலையில் உட்கார வேறு இடம் கிடையாது.

தினமும் சில தீற்றல்கள்தான். மழை படாத இடமென்பதால் அவை போகாமல் படிந்து, கல் மெல்ல மெல்ல வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை போட்டுக்கொண்டது. வேறு டிவிஷனிலிருந்து புதிதாக வந்த கங்காணி அதைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்களே தவிர, ஒருத்தியும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் கும்பிடுகிற நேரம் அவர்களுக்கும் ஓய்வாயிற்றே! அப்புறம் யாரோ விளையாட்டுக்கு ஒரு பூ வைத்தார்கள். யார் பிள்ளைக்கோ காய்ச்சல் விட்டது, கற்பூரம் வந்தது. கற்பூரம் காற்றில் அணையாதிருக்க ஒரு தகரம், தகரத்தைத் தாங்கக் கம்புகள், கம்புகளுக்கு நடுவே சூலம், சூலத்துக்கு ஒரு பூசாரி, பூசாரிக்கு ஒரு கமிட்டி. கல் எப்போது சாமியானது என்று விரல் வைத்துக் காட்ட யாராலும் முடியாது. எனக்கு அருவருப்பே அதில்தான்.

ஒரு நாள் அம்மா, பாதமெல்லாம் ரத்தம் வழிய, பழக்க தோஷத்தில் அதில் உட்காரப் போனாள். மாரியக்கா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்து நிரையில் பறித்தவள், அதே கல்லில் வருடக்கணக்காகத் துடைத்தவள்.

"ரத்தக் காலோட சாமி மேல ஒக்காரப் போறியே, ஒனக்கு அறிவிருக்கா?"

"அந்தச் செவப்பே நம்ம ரத்தந்தானேக்கா?" என்றாள் அம்மா.

மாரியக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நடிப்பில்லை, அவளுக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது. அவள் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. அன்று முதல் அம்மா கானுக்குள், அந்த ரோட்டோர வாய்க்காலில், ஒற்றைக் காலில் நின்றுதான் அட்டை உதிர்த்தாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். டைல்ஸ் பதித்த தரை, இரும்பு கேட், காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர். கல்லுக்கு வெள்ளிக் கவசம். கேட்டுக்கு வெளியே, இந்தக் காலத்துக் கொழுந்துக்காரப் பெண்கள் கானில் நொண்டி நொண்டி அட்டை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கென்று உட்கார ஒரு கல் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. கங்காணியும் இல்லை, மாரியக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா ஒருத்தியாவது மிச்சம் இருக்கிறாளே என்று திரும்பினேன். அவள் விழுந்து கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள்.

"என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?"

"அந்தக் காலத்துல தெரியாம அது மேல ஒக்காந்துட்டேன், மன்னிச்சிரு சாமின்னு கேட்டேன்" என்றாள், தழும்பேறிய கால்களைச் சேலையால் மறைத்துக்கொண்டே.