நாலு விரல் இடைவெளி

பாத்திரம் துலக்குவது அந்த வீட்டில் கணவரின் வேலை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடுவை கழுவிய பழக்கத்தில் டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்ப்பார். துடைத்து அடுக்குவது அவள் வேலை. அன்று காலையும் அவர் நீட்ட நீட்ட அவள் வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். சமையல் மேடையில் கிடந்த போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். தம்பி.

"அக்கா, சாப்டியா? ஆஸ்பத்திரிக்காரன் காலங்காத்தால உயிர வாங்கறான். நம்ம போட்ட அந்தப் பாலத்துல, பழைய கட்டடம் பக்கம், தரை இறங்கியிருக்காம். சக்கர நாற்காலி தட்டுதாம்."

"எவ்ளோ இறங்கியிருக்கு?"

"ஒரு விரல் கனம் இருக்கும். நீ பதறாத. கொத்தனார அனுப்பி சிமென்ட் போட்டு மட்டம் பண்ணியாச்சு."

துடைத்துக்கொண்டிருந்த தட்டு அவள் கையிலேயே நின்றது. "நுனியிலயா போட்டீங்க?"

"பள்ளம் அங்கதானே இருக்கு? வேற எங்க போடுவாங்க?" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

கணவர் குழாயை மூடினார். "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல" என்று தட்டை ஈரத்தோடு அடுக்கிவிட்டுப் பையை எடுத்தாள். அவள் ஈரத்தட்டை அடுக்கி அவர் பார்த்ததில்லை.

ஒரு கட்டடத்துக்குத் தூண் எவ்வளவு தடிமன், உள்ளே கம்பி எவ்வளவு என்று சொல்கிற படிப்பு அவள் படித்தது. தம்பி படித்தது வியாபாரம். ஆபீஸ் அவனுடையது. வாசல் பலகையில் அவன் பெயர், வரைபடத்தின் மூலையில் அவள் கையெழுத்து. அம்மா போனபின் அவனுக்குத் தலைவாரி விட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் என்பதால், அவன் முதலாளி, தான் சம்பளக்காரி என்ற எண்ணம் அவளுக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. அவனும் எல்லார் முன்னாலும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். வாடிக்கையாளருக்கு அது பிடித்திருந்தது.

கையால் கணக்குப் போட்ட காலத்தை நினைத்து அவள் ஏங்கியதே இல்லை. அது ஒரு இழவு. மூன்றாம் பக்கத்தில் ஒரு எண் பிசகினால் முப்பதாம் பக்கம்வரை அழிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததும் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டவர்களில் அவள் முதல் ஆள். பிறகு படம் காட்டும் சாஃப்ட்வேர் வந்தது. கட்டடக் கலைஞர் வரைந்த மாடலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தூணும் உத்தரமும் தானாக எழுந்து நிற்கும். தாங்குவது பச்சை, தாங்காதது சிவப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் சிவப்பாக இருப்பதைத் தானே தடிமனாக்கிப் பச்சையாக மாற்றிக் கொடுத்து, அறிக்கையும் எழுதிவிடும். ஆபீஸில் "கணக்குப் போட்டாச்சா?" என்று கேட்பது நின்று, "பச்சை பண்ணியாச்சா?" என்று ஆயிற்று. கணவருக்கு ஒருநாள் காட்டினாள். "இத்தன வருஷமா இதான் பண்ணிட்டிருந்தியா? நான் என்னவோ சிமென்ட் மூட்டை எண்றதா நெனச்சேன்" என்றார்.

கட்டடம் அசைவதையும் அது காட்டும். மெய்யான அசைவு கண்ணுக்குத் தெரியாது என்பதால் நூறு மடங்கு, இருநூறு மடங்கு பெரிதாக்கிக் காட்ட ஓர் எண் இருக்கிறது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் தன் கட்டடம் திரையில் நெளிவதைப் பார்த்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். அதிலிருந்து தம்பி ஒரு வழக்கம் வைத்தான். யாருக்குக் காட்டுவதற்கு முன்னாலும் அந்த எண்ணை ஒன்றுக்கு இறக்கிவிட வேண்டும். ஒன்றில் வைத்தால் கட்டடம் கல்லாக நிற்கும். நாளடைவில் தங்களுக்காகக்கூட யாரும் அதை ஏற்றிப் பார்க்கவில்லை. அவளும்தான்.

அன்று ஆபீஸுக்குப் போனவுடன் ஆஸ்பத்திரி மாடலைத் திறந்து அந்த எண்ணை இருநூறுக்கு ஏற்றினாள்.

ஒரு பழைய கட்டடம், ஒரு புதுக் கட்டடம், இரண்டுக்கும் நடுவில் மேல்மாடியில் ஒரு பாலம். பாலம் புதுக் கட்டடத்திலிருந்து மட்டும் நீட்டிய கை போல வர வேண்டும். பழைய கட்டடத்தைத் தொடக் கூடாது. நடுவில் நாலு விரல் இடைவெளி, மேலே நடக்க ஒரு தகடு. அப்படித்தான் வரைந்தார்கள், அப்படித்தான் கட்டினார்கள். ஆனால் திரையில் இரண்டு கட்டடமும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகச் சாய்ந்தன, ஒன்றாக நிமிர்ந்தன. அண்ணன் தங்கை மாதிரி.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. மாடலை உள்ளே எடுத்தபோது, கிட்டக் கிட்ட இருக்கும் புள்ளிகளைச் சேர்த்துவிடவா என்று சாஃப்ட்வேர் கேட்டது. வரைகிறவர்கள் கோட்டைக் கோட்டோடு முட்ட விடாமல் விட்டுவிடுவார்கள், அதற்காக எப்போதும் கேட்பதுதான். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல, யோசிக்காமல் சரி என்று அழுத்தினாள். நாலு விரலையும் அது 'கிட்ட' என்று எடுத்துக்கொண்டது.

"டேய், இங்க வா."

தம்பி டீ டம்ளரோடு வந்தான். "என்னக்கா, பட்டப்பகல்ல டான்ஸ் ஆட விட்டிருக்க?"

"ரெண்டும் சேந்து ஆடுது பாரு. ஆடக் கூடாது. நடுவுல இடைவெளி இருக்கு. இது ஒட்டிருச்சு."

"ஒட்டினா நல்லதுதானே?"

"ஸ்க்ரீன்லதான் ஒட்டியிருக்கு. கணக்குல அந்தப் பக்கம் ஒரு தோள் இருக்கு, அதுமேல கைய வச்சுட்டு நிக்குது. நெஜத்துல கை அந்தரத்துல இருக்கு. கை புறப்படற எடத்துல போட்டிருக்க கம்பி வேண்டியதுல கால்வாசிதான். நீ அது நுனியில போய் சிமென்ட கொட்டி வச்சிருக்க."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "தெறந்து இத்தன நாளா நிக்குதே."

"எப்படி நிக்குதுன்னு எனக்கே தெரியல."

"அப்ப நீ சொல்றது தப்பா இருக்கலாம்ல? கம்ப்யூட்டரே பச்சைங்குது."

"நான்தான்டா அதுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். இன்னிக்கே ஆள் போக்குவரத்த நிறுத்தணும். அடியில முட்டுக் குடுக்கணும்."

தம்பி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது. "ஆபரேஷன் தியேட்டருக்கு அதான் வழி. நம்ம வாயால தப்புன்னு சொன்னா, நம்ம போட்ட ஒவ்வொரு கட்டடத்தையும் ஆள் வந்து தட்டிப் பாப்பான். கையெழுத்து யாரோடது? உள்ள போறது யாரு? மாமா தனியா என்ன பண்ணுவாரு? ரெண்டு நாள் குடு. அழகுக்குன்னு சொல்லி அடியில ஒரு தூண் நிறுத்திடலாம். நான் பாத்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் அவளுக்குத் தெரியும். பரீட்சைக்கு முதல் நாளும் இதையேதான் சொல்வான்.

மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் நின்று கணவருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "உள்ள போக வேண்டி வந்தாலும் வரும்" என்றாள்.

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. "அங்கயும் பாத்திரம் கழுவச் சொல்வாங்க. உனக்கு ஒழுங்கா கழுவ வராது" என்றார். மறுபடி குழாயைத் திறந்துகொண்டே, "போயிட்டு வா" என்றார்.

ஆஸ்பத்திரி வரவேற்புக் கூடத்தில் பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். அதில் கட்டடம் பச்சையாகச் சுழன்றுகொண்டிருந்தது. திறப்பு விழாவுக்காக அவள் அனுப்பிக் கொடுத்த படம்தான். பெஞ்சில் காத்திருந்த நோயாளிகள் வேறு வேலையில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே போனாள். புதுக் கட்டடத்திலிருந்து பாலம் தொடங்கும் இடத்தில் தரை ஓடுகளைக் குறுக்கே வெட்டியதுபோல ஒரு விரிசல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை. அதன்மேல் யாரோ கால்மிதியைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்தக் கோடியில் புதுச் சிமென்ட் இன்னும் முழுக்கக் காயவில்லை. ஓர் ஊழியர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு பாலத்தில் ஏறினார். அவள் தன்னையறியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் படுத்திருந்த பெண், இவளுக்குத்தான் தலைசுற்றல் என்று நினைத்து, பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

மேலாளரின் அறை பாலத்தை ஒட்டியே இருந்தது.

"வாங்க மேடம். உங்க தம்பி இப்பதான் பேசினாரு."

அவள் லேப்டாப்பைத் திறந்து மேசைமேல் வைத்தாள். கட்டடங்கள் கைகோத்துச் சாய்ந்தன. அவர் அக்கறையாகத்தான் பார்த்தார்.

"இது எத்தன மடங்கு பெருசு பண்ணினது?"

"இருநூறு."

"இருநூறு மடங்கு பெருசாக்கினா எங்க வாட்ச்மேன்கூட பூதமாத்தான் தெரிவாரு."

"எவ்ளோ ஆடுதுங்கறது இல்ல சார். சேந்து ஆடுது, அதான் விஷயம். கணக்குல அந்தப் பாலத்துக்கு ரெண்டு பக்கமும் பிடிமானம். நெஜத்துல ஒரு பக்கம்தான். தப்பு என்னோடது, கையெழுத்து என்னோடது. நானே வந்து சொல்றேன்."

அவர் தன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அன்றைய தேதி போட்ட புது அறிக்கை. ஆபீஸில் யாரோ பழைய மாடலையே மறுபடி ஓட்டி, பொத்தானை அழுத்தி அனுப்பியிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகச் சாஃப்ட்வேரே எழுதியது. மேல் அட்டையில் கட்டடம் பச்சைப் பசேலென்று நின்றது.

"இதுல கையெழுத்தே இல்லையே" என்றாள்.

"உங்களுக்கு உடம்பு தேவலையானதும் போட்டுடுவீங்கன்னு சொன்னாரு. கொஞ்ச நாளா தூக்கம் இல்லையாமே உங்களுக்கு?" அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. நோயாளிகளின் வீட்டாரிடம் பேசிப் பழகிய கனிவு. கத்தினால் தம்பி சொன்னது சரியாகிவிடும். அழுதால் இன்னும் சரியாகிவிடும்.

மெதுவாகவே பேசினாள். "என்ன நம்ப வேணாம் சார். வெளியிலேருந்து யாராவது ஒரு இன்ஜினியர கூட்டிட்டு வந்து, அந்தக் கால்மிதிய எடுத்துட்டுக் காட்டுங்க. நாளைக்கு நகராட்சியில நான் எழுதிக் குடுத்துடுவேன், அது வேற. அதுவரைக்கும் பாலத்துக்குப் போற கதவ மட்டும் பூட்டி வைங்க."

"பூட்டிட்டு நோயாளிய எந்த வழியா கொண்டுபோறது மேடம்? மாடியிலேருந்து எறக்கி, ரோட்டத் தாண்டி, மறுபடி மாடி ஏத்தியா?"

"ஆமா."

அவர் சிரித்தார். அப்போது மேசைமேலிருந்த போன் அடித்தது. எடுத்து, "இதோ வர்றேன், அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டு எழுந்தார். வெளியே சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு கட்டில்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் சார். பூட்டுவீங்களா?"

மேலாளர் மூக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அறைக் கதவைத் திறந்து, அவள் முதலில் போகட்டும் என்று பிடித்துக்கொண்டு சற்று நின்றார். அவள் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. கதவை அப்படியே விட்டுவிட்டு, கட்டில்களுக்குப் பின்னால் பாலத்தின் பக்கமாக நடந்தார்.