ஜீப்பின் பின்படி

பண்ணைப்புரத்திலிருந்து விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜெய்லானியின் ஜீப்பில், பின்னால் படியை ஒட்டிய இடம் சங்கிலியம்மாளுடையது. மற்றப் பெண்களை எல்லாம் ஏற்றிவிட்டு, தூக்குவாளிகளை வாங்கிக் காலடியில் அடுக்கிவிட்டு, கடைசியாகத் தான் ஏறி வண்டியின் பக்கத்தகட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். அப்புறம்தான் ஜீப் நகரும். புருஷன் செத்துப்போன மறுமாதத்திலிருந்து அந்தப் படிதான் அவள் பிழைப்பு. அதில் ஏறி இறங்கித்தான் மகள் வேல்விழியைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள், சுவரோடு நின்றிருந்த வீட்டுக்குத் தளம் போட்டாள்.

ஐப்பசி மழையில் தோட்டத்துச் சரிவில் வழுக்கி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தபோதும் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது, "காய்க்கூடையப் பிடிங்கடி" என்பதுதான். கத்தியதெல்லாம் பிறகு.

கம்பத்தில், மலை ஏறும் மெட்டுச் சாலைக்குப் போகிற வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலுக்குள் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். எலும்பு டாக்டர் மதுரையிலிருந்து வாரம் ஒருநாள் வருபவர். வந்த வேலையை முடித்து மத்தியானமே திரும்பிவிடுவார். முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் அபிதா கட்டிலருகே வந்து, "ராத்திரிக்கு மேல பச்சத்தண்ணி கூடக் கூடாது" என்று சொல்லிப் போனாள். சங்கிலியம்மாள் தலையாட்டினாள். மனதாரத்தான் ஆட்டினாள்.

விடிகாலையில் ஜெய்லானி ஜீப்பை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். கூட்டாளி மொக்கம்மாள் மட்டும் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். வேல்விழி முகம் கழுவப் போயிருந்தாள். மெட்டு ஏறுமுன் ஆளுக்கு ஒரு கப் டீ குடிப்பது அந்த ஜீப்பின் பழக்கம். மொக்கம்மாள் மூடியில் ஊற்றி நீட்டினாள். சங்கிலியம்மாளின் கை தானாகப் போய் வாங்கியது. குடித்தும் முடித்துவிட்டாள்.

அபிதா வந்தபோது மூடியின் அடியில் சக்கரை மட்டும் இருந்தது.

"என்னம்மா இது?"

"டீ தான் சிஸ்டர். வேற ஒண்ணும் திங்கல."

வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்க மருந்தில் அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். பால் ஊற்றிய டீயும் சோற்றுக்குச் சமம்தான். மயக்க டாக்டர் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். ஆப்பரேஷன் அடுத்த வாரத்துக்குப் போனது.

"ஏண்டி, நீயாவது வேண்டாம்னு சொல்லப்படாதா?" என்றாள் மொக்கம்மாள்.

"நீ ஊத்தலைன்னா நான் ஏன் குடிக்கிறேன்? போடி, ஜீப்பு போயிரும்."

அந்த ஒரு வாரம் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்ததில் மகளுக்குப் பேச நேரம் கிடைத்தது. வேல்விழி பழனிசெட்டிபட்டியில் குடியிருக்கிறாள். அவள் ஏற்கனவே ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள்.

"மலைக்குப் போனதெல்லாம் போதும்மா. எங்ககூட வந்துரு. அங்கன ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு. டிவி பாத்துக்கிட்டு இரு."

"டிவி பாக்குறதுக்கா காலுக்குள்ள கம்பி வைக்கிறாக?"

"உன் வயசுல யாரு மலை ஏறுறா?"

"ஜீப்பு ஏறுது. நான் உள்ள உக்காந்திருக்கேன்."

வேல்விழிக்குக் கோபம் வந்தது. "சரி. அந்த ஜீப்புல யாரும் தொடாம நீயா ஏறி, நீயா இறங்கிக் காட்டு. காட்டிட்டா நான் வாயத் தொறக்கல. காட்டலைன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்."

"எழுதி வச்சுக்க" என்றாள் சங்கிலியம்மாள்.

அடுத்த வாரம் பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடந்தாள். மொக்கம்மாள் பிளாஸ்க்கை ஜீப்பிலேயே விட்டு, கையை விரித்துக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். கம்பி வைத்தாயிற்று.

மறுநாளே நடைப்பயிற்சி கொடுக்கும் திலீபன் வந்து வாக்கரைப் பிடிக்கவைத்து எழுப்பினான். வலியில் கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டொரு நாளில் படி ஏறவும் சொல்லிக்கொடுத்தான். "ஏறும்போது நல்ல கால் முன்னாடி. இறங்கும்போது அடிபட்ட கால் முன்னாடி. இத மாத்தவே கூடாதும்மா."

மத்தியானம் வார்டு ஓய்ந்திருந்த நேரத்தில், கட்டிலில் ஏறுவதற்குப் போட்டிருந்த இரும்பு மிதிபடியில் தனியாக ஏறிப் பார்த்தாள். நல்ல கால் முன்னால்தான் வைத்தாள்; அதில் தப்பில்லை. மிதிபடியின் ரப்பர்தான் தேய்ந்திருந்தது. அது வழுக்கிக்கொண்டு ஓட, அவள் கட்டிலில் குப்புற விழுந்தாள். கட்டிலில் விழுந்ததால் பிழைத்தாள். தையலில் ரத்தம் கசிந்து, வீட்டுக்குப் போவது இரண்டு நாள் தள்ளிப்போனது.

அபிதா புதுக் கட்டுப் போட்டுக்கொண்டே திட்டினாள். "ஆள் இல்லாம ஏறுனா வாக்கரப் புடுங்கி வச்சுக்குவேன்."

"அப்ப நீயே வந்து பிடி."

அபிதா முறைத்தாள். ஆனால் அன்றிலிருந்து டியூட்டி முடிந்து போகுமுன் வந்து, மிதிபடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தையல் பிரித்தபின் மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே டிவி ஓடியது. சங்கிலியம்மாள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாடிப்படியின் முதல் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. தை பிறந்தபிறகு மறுபடி காட்ட வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று எக்ஸ்ரே அறையில் உயரமான மேஜை. நல்ல கால் முன்னாடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இடது காலைத் தூக்கி மேலே வைத்தாள். வலது காலைத் தூக்குவதற்குள் எக்ஸ்ரே எடுக்கிறவன் அந்த இடது காலையே நேராக்கி, "அசையாதீங்க" என்று எடுத்து முடித்துவிட்டான். இரண்டு காலையும் ஒத்துப் பார்ப்பார்கள் போல என்று இவளும் பேசாமல் இறங்கி வந்தாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கம்பி எங்கம்மா?"

"அது நல்ல காலுங்க."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப எடுக்க அனுப்பினார். இந்த முறை அவள் சேலையைத் தூக்கித் தழும்பைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் படுத்தாள்.

எலும்பு கூடியிருந்தது. "சரிவுல இப்போதைக்கு வேண்டாம். உக்காந்து பாக்குற வேலைன்னா போகலாம்" என்றார் டாக்டர். தோட்டத்து ஸ்டோரில் காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலை இருந்தது. மேஸ்திரியிடம் அவள் போனில் பேசி முடித்திருந்தாள்.

மருந்து வாங்கி, தோட்ட வேலை முடியும் நேரம்வரை உள்ளேயே காத்திருந்து வெளியே வந்தபோது மெட்டிலிருந்து இறங்கிய ஜெய்லானியின் ஜீப் வாசலில் நின்றது. அதற்கும் போன் போயிருந்தது. மொக்கம்மாளும் மற்றவர்களும் இறங்கி ஓரமாக நின்றார்கள்.

"முன்னாடி ஏறுக்கா, அதுதான் தாழ்வு" என்றான் ஜெய்லானி.

"என் இடம் பின்னாலதான்."

கைத்தடியை மகளிடம் கொடுத்தாள். மேல்கம்பியைப் பிடித்தாள். இடது காலைப் படியில் ஊன்றி, கையால் உடம்பை இழுத்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் கூவினார்கள்.

"இறங்கணும்ல?" என்றாள் வேல்விழி. குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

திரும்பி, முகம் ஜீப்பைப் பார்க்க, வலது காலைக் கீழே விட்டாள். மாடிப்படியைவிட இந்தப் படி எவ்வளவு ஆழம் என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டைவிரல் காற்றில் துழாவியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. வேல்விழியே பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

"தொடாதீக! யாரும் தொடாதீக!"

கம்பியை மாரோடு அணைத்து மூச்சை இழுத்துவிட்டாள். நல்ல முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கினாள். விரல் படியின் விளிம்பைத் தொட்டது, பிறகு பாதம். அங்கே நின்று ஆற அமர மூச்சு வாங்கிவிட்டு, அடிபட்ட காலையே முன்னால் விட்டுத் தரையில் இறங்கினாள்.

மொக்கம்மாள் பிளாஸ்க்கைத் திறந்தாள். மூடியில் ஊற்றி, நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வேல்விழியைப் பார்த்தாள்.

"குடிக்கலாமா ஆத்தா? எதுக்கும் உன்னய ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

வேல்விழி அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு ஜெய்லானியிடம், "நாளைக்குப் பண்ணைப்புரத்து வீட்டுக்கு எத்தனை மணிக்குண்ணே வருவீக? தூக்குவாளி கட்டி வைக்கணும்" என்றாள்.