அம்மாவுக்கு வந்த அனுதாபங்கள்

அம்மா இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது என் போன்தான். அந்த நேரம் அம்மா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

நாவற்குடாவில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, அம்மாவின் பெயரிலேயே இன்னொரு பெண் இருந்தார். அன்று காலை காலமானவர் அவர். ஊர்ச் செய்தி போடுகிற ஒரு இணையப் பக்கம், ஆளை விசாரிக்கப் பஞ்சிப்பட்டு, பெயரை மட்டும் தேடி என் பக்கத்துக்கு வந்திருக்கிறது. கோயில் திருவிழாவன்று அம்மாவின் பெயரோடு நான் போட்ட படத்தை எடுத்து, பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஒட்டி, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதிவிட்டார்கள். உண்மையிலேயே செத்துப்போன அந்த மனுசிக்கு ஒரு படம்கூட இல்லை.

பக்கத்தை நடத்துகிறவருக்கு உடனே மெசேஜ் போட்டேன். கும்பிடுகிற கை இரண்டை அனுப்பிவிட்டு, செக் பண்ணிச் சொல்கிறோம் என்றார். என் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று என்னை விட்டு வேறு யாரிடம் செக் பண்ணப் போகிறார்? தளத்துக்கே முறைப்பாடு அனுப்பினேன். இந்தப் பதிவு எங்கள் விதிகளுக்கு முரணானது அல்ல என்று, யாரும் வாசித்திருக்கவே முடியாத வேகத்தில் பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அனுதாபங்கள் குவிந்தன. 'ஓம் சாந்தி.' 'ஆழ்ந்த இரங்கல்.' ஒருவர் எழுதியதையே அடுத்தவரும் எடுத்து ஒட்டியிருந்தார். நேற்றுச் சந்தையில் அம்மாவோடு நின்று கதைத்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவராவது போன் எடுத்து விசாரிக்கவில்லை. வவுணதீவிலிருந்து ஒரு மாமி மட்டும், செத்த வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி சீனியும் தேயிலையுமாக பஸ்ஸில் வந்து, வாசல் படலையடியிலேயே ஒப்பாரியைத் தொடங்கினார். யார் அழுகிறார்கள் என்று பார்க்க அம்மா இறால் கையோடு வெளியே வந்தார். மாமி மணலிலேயே குந்திவிட்டார். பிறகு அவர் கொண்டுவந்த சீனியிலேயே தேத்தண்ணி ஊற்றி அவருக்குக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. ஆராரு அழுதிருக்காங்க எண்டு வாசி புள்ள என்றார். நான் வாசிக்க வாசிக்க, இவன் மகளின் கலியாணத்துக்கே சொல்லாதவன், இவள் வாங்கிப்போன இடியப்ப உரலை இன்னும் தரவில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டு வைத்தார். அப்படியே வாசித்துக்கொண்டு போகும்போதுதான் அந்த நீளமான கமெண்ட் வந்தது. எழுதியவரின் முகம் இல்லை, ஏதோ வெளிநாட்டுப் பூவின் படம். பெயரும் எனக்குத் தெரியாத பெயர்.

"அக்கா, நாம இடம்பெயர்ந்து போகக்குள்ள உங்கட செருப்பைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டீங்க. எனக்கு அது பெரிசு, இழுத்து இழுத்து நடந்தன். நீங்க அந்தச் சுடுமணலில வெறுங்காலோட வந்தீங்க. என்னோட ஒரு வார்த்தை கதைக்காமலே போயிட்டீங்களே."

அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார். திருப்பி வாசி என்றார்.

அம்மாவுக்கு ஒரேயொரு தங்கை. வெளிநாடு போனவர். அம்மம்மாவின் செத்த வீட்டுக்கு அவர் வரவில்லை. விசா கிடைக்கவில்லை என்று போனில் அழுதவரிடம், எனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இல்லை என்று சொல்லி அம்மா போனை வைத்தார். அதோடு சரி. வருசக்கணக்காக இரண்டு பேரும் கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் சின்னம்மா என்ற சொல்லே இல்லாமல் போனது. இந்தச் செருப்புக் கதையை அம்மா ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் சமையல் நடக்கவில்லை. உரித்த இறால் சட்டியிலேயே கிடந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் போஸ்டை எடுக்கச் சொல்லாத புள்ள. ரெண்டு மூண்டு நாளைக்குக் கிடக்கட்டும். செத்த வீட்டுக்கு எண்டா அவள் வருவாள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னம்மா அங்கே தனிய இருந்து அழுதுகொண்டிருப்பாரே அம்மா என்றேன். அம்மா எட்டி அந்தப் பூப் படத்தைப் பார்த்தார். தங்கை அழுவதை அவரால் தாங்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப நான் உயிரோட இருக்கன் எண்டு சொல்லிரு," என்றார். "நான் கதைக்கிறதுக்குக் காத்துக்கொண்டு இருக்கன் எண்டும் சொல்லு."

அவர் சொன்னபடியே எழுதி, எங்கள் போன் நம்பரையும் போட்டு அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். வாசித்துவிட்டதற்கான அடையாளம் உடனேயே விழுந்தது. அம்மா முகம் கழுவி, சீலை மாற்றி, போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வெறும் குரலுக்கு எதற்குச் சீலை என்று நான் கேட்கவில்லை.

போன் வரவில்லை. பின்னேரம் அந்தப் பக்கம் தலைப்பை மாற்றியது: 'இறந்ததாகக் கூறப்பட்ட தாய் உயிருடன்! முழு விபரம் உள்ளே.' மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. அதற்கும் லைக் விழுந்தது, சிரிக்கிற முகங்கள் விழுந்தன. அனுதாபங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சின்னம்மா எழுதியது மட்டும் இல்லை. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பூப் படம் போட்ட ஆளையே தேடிப் பிடிக்க முடியவில்லை. என்னை பிளாக் பண்ணியிருந்தார்.

ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. செத்துப்போன அக்காவிடம் சொன்னதை உயிரோடு இருக்கிற அக்கா கேட்டுவிட்டார் என்று வெட்கமோ, கோபமோ. இல்லாவிட்டால் என்னைத்தான் கள்ள ஆள் என்று நினைத்தாரோ. என் பெயருக்குப் பக்கத்திலும் என் முகம் இல்லை, பிள்ளையார் படம்தான். செத்தவர் உயிரோடு இருக்கிறார், இந்த நம்பருக்கு எடுங்கள் என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதினால் நானும் பிளாக் பண்ணித்தான் இருப்பேன்.

அடுத்த நாள் காலையில், அவள் எழுதினதைக் காட்டு என்று அம்மா வந்தார். இல்லை என்று சொன்னேன். நம்பாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே தேடினார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

"அது ஆரோ ஃபேக் ஐடி," என்றார். "உன்ட சின்னம்மாவுக்கு எங்க தமிழில டைப் பண்ணத் தெரியும்?"

ஓம், ஃபேக் ஐடியாகத்தான் இருக்கும் என்றேன். செருப்புக் கதை ஃபேக் ஐடிக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.